ஸ்டாடிக் டைப்பும் டைனமிக் டைப்பும் ஒரே ப்ரோகிராமில்: சேகோ ஆலைக் கணக்கை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஆத்தூர்ப் பக்கமிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று சேலத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குள் நுழைகிறது. வே பிரிட்ஜில் மொத்த எடை 14,860 கிலோ. கிழங்கை இறக்கிய பிறகு காலி வண்டி 5,240 கிலோ. நிகர எடை 9,620. மாவுச்சத்து 27.5 பாயிண்ட். பாயிண்டுக்கு 380 ரூபாய் என்று பேச்சு என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 10,450 ரூபாய், லோடுக்கு 1,00,529 ரூபாய்.

கணக்கு இரண்டே பெருக்கல், ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். ஆனால் அதற்கு வேண்டிய தரவு நான்கு வழியில் வருகிறது. எடை, வே பிரிட்ஜ் இண்டிகேட்டரிலிருந்து கேபிள் வழியே எழுத்தாக வரும். பாயிண்டைப் பரிசோதனை செய்தவர் போனில் தட்டி அனுப்புவார். விலையை ஆபீஸில் ஒருவர் எக்செல் ஷீட்டில் போட்டிருப்பார். கழிவு எவ்வளவு பிடிப்பது என்பது ஆலைக்கு ஆலை மாறும். இப்படிப்பட்ட வேலைக்குப் பலரும் டைனமிக் டைப் மொழியைத்தான் எடுப்பார்கள். அது சரியான முடிவுதான். வெளியிலிருந்து வரும் தரவுக்கு முன்கூட்டியே வடிவம் சொல்ல முடியாது. அதே சமயம் விவசாயி கையில் கொடுக்கும் தொகையைக் கணக்கிடும் இடத்தில் 'என்ன வரும் என்று தெரியாது' என்ற நிலை கூடவே கூடாது.

இந்த இரண்டையும் ஒரே ப்ரோகிராமில் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. மொழி ராக்கெட். காரணம், ஃபங்ஷனல் மொழிகளில் இந்தச் சேர்க்கையை முழுதாகச் செய்து பார்த்து, அதன் விலை என்ன என்று அளந்தும் பார்த்த மொழி அது. எலிக்ஸிர், எர்லாங், ஹாஸ்கெல், க்ளோஜர் எங்கே மாறுபடுகின்றன என்பது பின்னால் வரும். ராக்கெட்டின் சொற்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். எடிட்டரில் அவற்றை அவற்றின் சொந்த எழுத்தில் அடிக்க வேண்டும். நீங்கள் வைக்கும் ஃபங்ஷன் பெயர்கள், ஸ்ட்ரக்ட் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். ராக்கெட் அதை ஏற்கும்.

எதை எதோடு சேர்க்கிறோம்

ஸ்டாடிக் டைப் என்றால் ப்ரோகிராம் ஓடுவதற்கு முன்பே செக்கர் என்ற சரிபார்ப்புக் கருவி கோட் முழுதையும் படித்து, எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் நிறுத்திவிடும். டைனமிக் டைப்பில் ஒவ்வொரு மதிப்பும் தான் யார் என்பதைத் தன்னோடு சுமந்து செல்லும். தவறு, அந்த வரி ஓடும்போதுதான் தெரியும்.

இரண்டையும் கலக்கும் முயற்சி பழையது. 1989-இல் அபாடி, கார்டெல்லி, பியர்ஸ், ப்ளாட்கின் ஆகிய நால்வரும் ஸ்டாடிக் மொழிக்குள் 'டைனமிக்' என்ற ஒரு டைப்பை வைத்துக் காட்டினார்கள். 2006-இல் இரண்டு வேலைகள் ஒரே ஆண்டில் வந்தன. ஜெரமி சீக்கும் வாலித் தாஹாவும் ஃபங்ஷனல் மொழிகளுக்கு கிராஜுவல் டைப்பிங் என்ற முறையைக் கொடுத்தார்கள். ஒரே கோப்புக்குள் டைப் எழுதிய இடமும் எழுதாத இடமும் கலந்து இருக்கலாம். எழுதாத இடத்துக்குக் கேள்விக்குறி டைப். சாம் டோபின்-ஹாக்ஸ்டாட், மத்தியாஸ் ஃபெலைசன் இருவரும் வேறு வழி எடுத்தார்கள்: மாட்யூல் மாட்யூலாக மாற்றுவது. ஒரு கோப்பு முழுக்க டைப்போடு இருக்கும், அல்லது முழுக்க டைப் இல்லாமல் இருக்கும். அதுதான் பின்னால் டைப்டு ராக்கெட் ஆனது.

சீக், தாஹா முறையில் ஒரு நுணுக்கத்தை இங்கேயே பிடித்துக்கொள்ள வேண்டும். கேள்விக்குறி டைப் எண்ணோடு இசையும், எழுத்தோடும் இசையும். ஆனால் எண்ணும் எழுத்தும் ஒன்றோடொன்று இசையாது. அதாவது இந்த இசைவு ஒருவர் வழியாக இன்னொருவருக்குத் தாவாது. தாவினால் எல்லாம் எல்லாவற்றோடும் இசைந்துவிடும், செக்கர் வைத்துப் பயனே இல்லை. அப்படியானால் எழுத்து ஒன்று கேள்விக்குறி வழியாக நுழைந்து எண் கேட்கும் இடத்துக்குப் போனால்? செக்கர் அதை விட்டுவிடும். அந்த இடத்தில் ஓடும்போது நடக்கும் சோதனை ஒன்றைச் செருகிவிடும். இந்தச் செருகல்தான் மொத்த விஷயத்தின் உயிர். விடை சரியாக இருப்பதும் வேகமாக ஓடுவதும் இது எத்தனை முறை, எந்த இடத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

படி 1: எல்லையைத் தாளில் வரையுங்கள்

நம் ப்ரோகிராமில் ஆறு கோப்புகள்: வே பிரிட்ஜ் வாசிப்பு, சீட்டு, கிரயக் கணக்கு, கழிவு விதி, பேரேடு, அச்சு. ஒவ்வொன்றும் டைப்போடு அல்லது டைப் இல்லாமல் இருக்கலாம் என்றால் 2-இன் 6-ஆம் அடுக்கு, 64 விதமான கலவை சாத்தியம். எல்லாக் கலவையும் ஒரே வேகத்தில் ஓடாது. ராக்கெட்டில் இதை 2016-இல் அளந்தபோது, சில ப்ரோகிராம்களின் சில கலவைகள் டைப்பே இல்லாத பதிப்பைவிட 100 மடங்குக்கு மேல் மெதுவாக ஓடின. டைப் முழுதாகப் போட்ட பதிப்பு பெரும்பாலும் நன்றாகவே ஓடியது. நடுவழியில்தான் சிக்கல். ஆகவே கண்ணில் பட்ட கோப்புக்கெல்லாம் டைப் போடத் தொடங்க வேண்டாம்.

ஆறு கோப்புகளையும் வட்டமாக வரையுங்கள். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அம்புக்குறி போடுங்கள். ஒவ்வொரு அம்பின் மேலும் ஒரு லோடுக்கு அது எத்தனை முறை நடக்கிறது என்று எழுதுங்கள். வே பிரிட்ஜிலிருந்து சீட்டுக்கு 2 முறை, சீட்டிலிருந்து கணக்குக்கு 1 முறை. கணக்குக்குள்ளேயே ஓடும் லூப் நூறு முறை ஓடலாம். எண்ணிக்கை குறைவான அம்பின் மேல்தான் எல்லைக்கோடு விழ வேண்டும். ஓயாமல் பேசிக்கொள்ளும் இரண்டு கோப்புகளை எல்லையின் ஒரே பக்கத்தில் வையுங்கள்.

இங்கே கோடு இப்படி விழும்: சீட்டு, கிரயக் கணக்கு, பேரேடு மூன்றும் டைப்புக்குள். வே பிரிட்ஜ் வாசிப்பு, கழிவு விதி, அச்சு மூன்றும் வெளியே.

படி 2: கிரயக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

யாரையும் கூப்பிடாத, கோப்பு திறக்காத, வெறும் கணக்கு மட்டும் போடும் மாட்யூல்தான் முதலில் டைப்புக்குப் போக வேண்டும். முழு ராக்கெட் நிறுவியிருந்தால் டைப்டு ராக்கெட் கூடவே இருக்கும். மினிமல் பதிப்பு என்றால் ராகோ என்ற ராக்கெட்டின் கட்டளைக் கருவி வழியாக டைப்டு-ராக்கெட் பேக்கேஜைத் தனியாக நிறுவ வேண்டும். கோப்பின் முதல் வரியில் ராக்கெட் என்று இருப்பதை டைப்டு/ராக்கெட் என்று மாற்றுங்கள். பிறகு:

(ஸ்ட்ரக்ட் சீட்டு
  ([வண்டி : ஸ்ட்ரிங்]
   [மொத்தம் : ஃப்ளோட்]
   [காலி : ஃப்ளோட்]
   [பாயிண்ட் : ஃப்ளோட்]))

(: கிரயம் (-> சீட்டு ஃப்ளோட் ஃப்ளோட்))
(டிஃபைன் (கிரயம் சீ விலை)
  (* (/ (- (சீட்டு-மொத்தம் சீ) (சீட்டு-காலி சீ)) 1000.0)
     (சீட்டு-பாயிண்ட் சீ)
     விலை))

ஸ்ட்ரக்ட் என்பது பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் பதிவு. கிரயத்துக்கு மேலே உள்ள டைப் வரி, அது ஒரு சீட்டையும் ஒரு ஃப்ளோட்டையும் வாங்கி ஒரு ஃப்ளோட்டைத் தரும் என்கிறது. 1000.0 என்பதில் உள்ள புள்ளியையும் பூஜ்யத்தையும் கவனியுங்கள். ராக்கெட்டில் 28 வேறு, 28.0 வேறு. முன்னது துல்லியமான முழு எண், பின்னது ஃப்ளோட், அதாவது தசமப் புள்ளியோடு வரும் தோராய எண். ஒரு ஃப்ளோட்டை முழு எண்ணால் பெருக்கினால் விடை ஃப்ளோட் என்று செக்கர் ஒப்புக்கொள்ளாது. புதிதாக வருபவர்கள் இங்கே தடுமாறுவார்கள், செக்கர் தவறு என்றுகூட நினைப்பார்கள். செக்கர் சொல்வது சரி. ராக்கெட்டில் துல்லியமான 0-ஐ 2.5-ஆல் பெருக்கினால் விடை 0.0 இல்லை, துல்லியமான 0. முழு எண் பூஜ்யமாக இருக்க வாய்ப்பு உள்ளவரை விடை ஃப்ளோட் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பணக் கணக்கில் பைசா வரை துல்லியம் வேண்டுமென்றால் எடையைக் கிராமிலும் தொகையைப் பைசாவிலும் வைத்து எல்லாவற்றையும் இன்டிஜராகவே நடத்துங்கள். எதை எடுத்தாலும் ஒன்றையே எடுங்கள். ரியல் என்ற பொது டைப்பை எழுதிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தால் இந்தக் குழப்பம் பேரேடு வரை போகும்.

படி 3: அடிவாரத்தில் செக்போஸ்ட்

ஏற்காடு போகும் வண்டியை அடிவாரத்துச் செக்போஸ்டில் நிறுத்திப் பார்த்துவிட்டால், மேலே இருக்கும் 20 கொண்டை ஊசி வளைவிலும் நிறுத்திப் பார்க்க வேண்டியதில்லை. தரவுக்கும் அதே முறைதான். வெளியிலிருந்து வரும் எழுத்தை ஒரே இடத்தில், ஒரே முறை சோதித்து டைப் உள்ள மதிப்பாக மாற்றிவிட வேண்டும். அதற்கு மேல் உள்ளே எங்கேயும் 'எதுவாகவும் இருக்கலாம்' என்ற எனி டைப் நடமாடக் கூடாது.

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். எழுத்தை எண்ணாக்க ராக்கெட் தரும் ஃபங்ஷன் ஸ்ட்ரிங்->நம்பர். அது பார்ப்பதற்கு எளிது. ஆனால் அது எதை ஏற்கிறது, எதை மறுக்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள்:

"27.5" கொடுத்தால் 27.5 ஃப்ளோட்.
"28" கொடுத்தால் 28 முழு எண். ஃப்ளோட் கிடையாது.
"14,860" கொடுத்தால் ஃபால்ஸ். நாம் எல்லோரும் எழுதும் கமாவை அது ஏற்காது.
"27.5 " என்று கடைசியில் ஓர் இடைவெளி இருந்தாலும் ஃபால்ஸ். போனில் தட்டும்போது ஒட்டிக்கொள்ளும் இடைவெளி இதுதான்.
"55/2" கொடுத்தால் பின்னமாக, துல்லியமான எண்ணாக ஏற்கும்.
"1இ3" மாதிரி அடுக்குக் குறியீடு வந்தால் 1000.0.
கற்பனைப் பகுதியோடு கூடிய சிக்கலெண் வந்தால் அதையும் எண் என்றே ஏற்கும்.
முடிவிலி, எண்ணல்லாதது ஆகியவற்றுக்கான ராக்கெட் குறியீடு வந்தால் அதுவும் ஃப்ளோட்தான்.

டைப்டு ராக்கெட் இந்த ஃபங்ஷனின் விடையை 'ஏதோ ஒரு நம்பர் அல்லது ஃபால்ஸ்' என்று மட்டுமே சொல்லும். அதை அப்படியே ஃப்ளோட் கேட்கும் இடத்தில் வைத்தால் கம்பைல் ஆகாது. டைப் இல்லாத கோட் ஓடிவிட்டுப் பிறகு அழவைக்கும் இடம் இது. எழுத வேண்டிய முறை (யூ என்றால் 'இவற்றில் ஏதாவது ஒன்று', #ஃபா என்றால் ஃபால்ஸ்):

(: எண்ணாக்கு (-> ஸ்ட்ரிங் (யூ ஃப்ளோட் ஃபால்ஸ்)))
(டிஃபைன் (எண்ணாக்கு உரை)
  (டிஃபைன் எ
    (ஸ்ட்ரிங்->நம்பர்
      (ஸ்ட்ரிங்-ரீப்ளேஸ் (ஸ்ட்ரிங்-ட்ரிம் உரை) "," "")))
  (இஃப் (ரியல்? எ)
      (ரியல்->டபுள்-ஃப்ளோனம் எ)
      #ஃபா))

ரியல்? என்று கேட்ட பிறகு, 'ஆம்' என்ற கிளைக்குள் எ என்பது ரியல் என்று செக்கருக்குத் தானாகவே தெரிந்துவிடும். நீங்கள் தனியாக எதுவும் எழுத வேண்டாம். டைனமிக் மொழியில் எழுதிப் பழகியவர்கள் வழக்கமாகப் போடும் கேள்விகளையே செக்கர் படித்துப் புரிந்துகொள்கிறது. டைப்டு ராக்கெட்டின் மிகப் பெரிய பலம் இதுதான், இதற்காகவே அதைக் கற்கலாம்.

டைப் சரியாக இருப்பதால் மதிப்பு சரியாகிவிடாது. எடை 0-க்கு மேலும் உங்கள் வே பிரிட்ஜின் கொள்ளளவுக்குக் கீழும் இருக்கிறதா, காலி எடை மொத்த எடையைவிடக் குறைவா, பாயிண்ட் நடைமுறையில் வரும் வரம்புக்குள் இருக்கிறதா என்று அடுத்த வரியிலேயே சோதியுங்கள். எண்ணல்லாதது எந்த ஒப்பீட்டுக்கும் 'இல்லை' என்றே பதில் சொல்லும். அதனால் கேள்வியை 'வரம்புக்குள் இருக்கிறதா' என்று எழுதுங்கள். 'வரம்புக்கு வெளியே போனால் தள்ளு' என்று எழுதினால் எண்ணல்லாதது உள்ளே நுழைந்துவிடும்.

வே பிரிட்ஜ் இண்டிகேட்டர்கள் பலவும் எடையோடு, எடை நிலைத்துவிட்டதா இன்னும் ஆடுகிறதா என்பதற்கான எழுத்தையும் அனுப்பும். அதைப் படித்துத் தூக்கிப்போட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது பொதுவான தவறு. நிலைத்த-எடை, ஆடும்-எடை என்று இரண்டு ஸ்ட்ரக்ட் வையுங்கள். சீட்டை உருவாக்கும் ஃபங்ஷன் நிலைத்த-எடையை மட்டும் கேட்கட்டும். அப்போது டிரைவர் இறங்கி நடக்கும் நேரத்தில் வந்த எடை பில்லில் ஏறவே முடியாது. கவனக்குறைவால்கூட முடியாது, கம்பைலே ஆகாது.

காஸ்ட் என்ற குறுக்குவழி ஒன்று உண்டு. எந்த மதிப்பையும் 'இது ஃப்ளோட்தான்' என்று சொல்லி எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஓடும்போது நின்றுவிடும். செக்போஸ்டுக்குள் அதைப் பயன்படுத்த வேண்டாம். அது கொடுக்கும் பிழைச் செய்தியை எடை போடுபவரால் புரிந்துகொள்ள முடியாது. ஃபால்ஸ் திருப்பி, 'பாயிண்டை மறுபடி அடிக்கவும்' என்று காட்டுவது மேல்.

படி 4: கழிவு விதியும் பழியும்

கிழங்கில் மண், வேர், அழுகல் இருந்தால் கழிவு பிடிப்பார்கள். ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு விதி. ஆகவே அதை ஒரு ஃபங்ஷனாக, டைப் இல்லாத சின்னக் கோப்பில் ஆலைக்காரரே மாற்றிக்கொள்ளும்படி வைக்கிறோம். டைப் உள்ள கோப்பு அதைக் கூப்பிட வேண்டும்:

(ரிக்வயர்/டைப்டு "கழிவு-விதி"
  [கழிவு-கழி (-> ஃப்ளோட் ஃப்ளோட்)])

இந்த வரி ஒரு வாக்குறுதி. 'ஃப்ளோட் கொடுத்தால் ஃப்ளோட் தருவேன்' என்று அந்தக் கோப்பின் சார்பில் நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். எண்ணை ஒரு பார்வையில் சோதிக்கலாம். ஃபங்ஷனை அப்படிச் சோதிக்க முடியாது, அது என்ன தரும் என்பது கூப்பிட்டால்தான் தெரியும். அதனால் ராக்கெட் அந்த ஃபங்ஷனைச் சுற்றி ஓர் உறை போடுகிறது. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் உறை விடையைப் பார்க்கும். இந்த முறையை ராபி ஃபைண்ட்லரும் ஃபெலைசனும் 2002-இல் உருவாக்கினார்கள்.

கழிவு விதியை ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

(டிஃபைன் (கழிவு-கழி எடை)
  (வென் (> எடை 1000.0) (* எடை 0.98)))

ஒரு டன்னுக்கு மேல் இருந்தால் 2 சதவீதம் கழி. லாரியும் டிராக்டரும் மட்டுமே வந்துகொண்டிருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஒரு நாள் மினி ஆட்டோவில் 850 கிலோ வருகிறது. வென் என்பதற்கு 'இல்லையென்றால்' கிளை இல்லை. நிபந்தனை பொய்யானால் அது வாய்ட் என்ற வெற்று மதிப்பைத் தரும். டைப்பே இல்லாத ப்ரோகிராமில் இந்த வாய்ட் பேரேட்டில் எழுதப்பட்டு, மாதக் கடைசியில் கூட்டல் போடும்போது பேரேடு மாட்யூலில் பிழையாக வெடிக்கும். தேடுபவர் பேரேட்டில் போய்த் தேடுவார்.

உறை இருந்தால் அதே நொடியில் நிற்கும். பிழைச் செய்தியில் மூன்று வரியைப் படியுங்கள். முதலாவது, கழிவு-கழி தன் ஒப்பந்தத்தைத் தானே மீறியது. இரண்டாவது, வாக்களித்தது ஃப்ளோட், கொடுத்தது வாய்ட். மூன்றாவது, 'பழி' என்ற சொல்லுக்குப் பிறகு வரும் பெயர். இங்கே பழி கழிவு விதியை இறக்குமதி செய்த அந்த ரிக்வயர்/டைப்டு இடைமுகத்தின் மேல் விழும். அங்கிருந்து இரண்டு கேள்வி: எழுதிய டைப் தவறா, அந்த டைப்புக்கு ஏற்ப ஃபங்ஷன் நடக்கவில்லையா? மாறாக, டைப் இல்லாத அச்சுக் கோப்பு கிரயம் ஃபங்ஷனுக்கு விலையாக 380 என்று முழு எண்ணைக் கொடுத்தால் செய்தி 'எதிர்பார்த்தது, கொடுக்கப்பட்டது' என்று மாறும், பழி கூப்பிட்டவர் மேல் விழும். டைப் சரியாகப் போட்ட பக்கத்தின் மேல் பழி வராது என்பதை ஃபிலிப் வாட்லரும் ஃபைண்ட்லரும் 2009-இல் நிரூபித்தார்கள். அதனால் பழி எங்கே என்கிறதோ அங்கேயே முதலில் போய்ப் பாருங்கள்.

இந்தப் பிழைக்குத் தீர்வு (யூ ஃப்ளோட் வாய்ட்) என்று டைப்பைத் தளர்த்துவது அல்ல. வென் இருந்த இடத்தில் இஃப் போட்டு, மறுகிளையில் எடையை அப்படியே திருப்புங்கள். ராக்கெட்டில் மறுகிளை இல்லாத இஃப் சிண்டாக்ஸ் பிழை, அதனால் மறக்கவும் முடியாது.

படி 5: வேகம் குறைந்தால் கடப்பதை எண்ணுங்கள்

எண், எழுத்து இவற்றைச் சோதிக்கும் செலவு பெரிதல்ல. பட்டியலைக் கடத்தும்போது கவனம் வேண்டும். டைப் இல்லாத பக்கமிருந்து (லிஸ்ட்ஆஃப் ஃப்ளோட்) என்ற டைப்புக்குள் ஒரு பட்டியல் நுழைந்தால், ஒவ்வோர் உறுப்பும் ஃப்ளோட்தானா என்று முழுப் பட்டியலும் நடந்து பார்க்கப்படும்.

ஒரு நாளுக்கு 80 சீட்டு, 300 நாள் என்றால் 24,000 எடை. ஒவ்வொரு சீட்டு வரும்போதும் அதுவரை சேர்ந்த முழுப் பட்டியலையும் எல்லை தாண்டி அனுப்பினால் மொத்தம் ஏறத்தாழ 28 கோடியே 80 லட்சம் சோதனை. புதிய எடையை மட்டும் அனுப்பிப் பட்டியலை உள்ளேயே வளர்த்தால் 24,000 சோதனை. கோடில் மாறுவது இரண்டு வரிதான்.

மாறக்கூடிய வெக்டர் கதை வேறு. அதை நுழையும்போது ஒருமுறை பார்த்தால் போதாது, பிறகு யாராவது உள்ளே எழுத்தைப் போட்டுவிடலாம். அதனால் அதற்கும் உறை. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எழுதும்போதும் சோதனை. அந்த வெக்டர் எல்லையை மாறி மாறித் தாண்டினால் உறை மேல் உறையாகச் சேரவும் வாய்ப்பு உண்டு. எல்லை தாண்டும் தரவை மாறாத பட்டியலாகவோ மாறாத ஸ்ட்ரக்டாகவோ வைத்தால் இந்தத் தொல்லையில் பாதி போய்விடும்.

யூகத்தில் எதையும் மாற்ற வேண்டாம். ராகோ காண்ட்ராக்ட்-ப்ரொஃபைல் என்ற கருவி, மொத்த நேரத்தில் எவ்வளவு சோதனைக்குப் போகிறது, எந்த எல்லையில் போகிறது என்று காட்டும். அதில் மேலே நிற்கும் எல்லையை எடுங்கள். மறுபக்கத்து மாட்யூலுக்கும் டைப் போட முடிந்தால் போடுங்கள். டைப் உள்ள இரண்டு மாட்யூலுக்கு நடுவே சோதனையே இருக்காது.

அதுவும் முடியாதபோது அண்மைப் பதிப்புகளில் ஷாலோ என்ற வகை இருக்கிறது. முதல் வரியை டைப்டு/ராக்கெட்/ஷாலோ என்று மாற்றினால் போதும். உறை கிடையாது. பட்டியல் வந்தால் 'பட்டியலா' என்று மட்டும் பார்க்கும். உறுப்பை எடுக்கும் இடத்தில் அந்த உறுப்பைப் பார்க்கும். மோசமான நிலையிலும் வேகம் அதிகம் சரியாது. பதிலுக்கு இழப்பது என்ன? பழி துல்லியமாக இருக்காது. நம்மிடமிருந்து இன்னொரு டைப் இல்லாத கோப்புக்குப் போன ஃபங்ஷனின் மேல் காவலும் இருக்காது. பணம் கணக்கிடும் மாட்யூலை ஆழமான சோதனையிலேயே வையுங்கள். அறிக்கை, வரைபடம் மாதிரியானவற்றை ஷாலோவுக்கு மாற்றுங்கள்.

உறையால் வரும் இன்னொரு சிக்கலைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே பொருள்தானா என்று பார்க்கும் ஃபங்ஷன் ஈக்யூ?. உறை போட்ட மதிப்பும் அசலும் அதற்கு ஒன்றல்ல. ஃபங்ஷனையோ வெக்டரையோ சாவியாக வைத்த ஈக்யூ வகை ஹேஷ் டேபிள், டைப் போட்ட மறுநாளே 'கிடைக்கவில்லை' என்று சொல்லத் தொடங்கும். சாவியாக வண்டி எண்ணையும் சீட்டு எண்ணையும் வையுங்கள்.

மற்ற மொழிகளில் இதே வேலை

எலிக்ஸிர் 2024-இல் வந்த 1.17 பதிப்பிலிருந்து கிராஜுவல் டைப்புகளைச் சேர்க்கத் தொடங்கியது. ஆண்டு இறுதியில் வந்த 1.18 ஃபங்ஷன் அழைப்புகளையும் சோதிக்கிறது. அங்கே எல்லையில் புதிதாக எந்தச் சோதனையும் செருகப்படாது. பேட்டர்ன் (மதிப்பின் வடிவம்), கார்டு (கூடுதல் நிபந்தனை) ஆகியவற்றில் நீங்கள் எழுதியதும், அடியில் ஓடும் மெஷின் ஏற்கெனவே செய்வதும்தான் சோதனை. டைனமிக் என்று குறிக்கப்பட்ட மதிப்பு, கேட்கும் டைப்போடு கொஞ்சமும் பொருந்தவே வாய்ப்பில்லை என்றால் மட்டும் எச்சரிக்கை வரும். ஆகவே எச்சரிக்கை வராததைச் சான்றாக எடுக்க வேண்டாம். படி 3-இல் சொன்ன செக்போஸ்டைக் கார்டுகளோடு நீங்களே கட்ட வேண்டும். வேகத்தைப் பற்றிய படி 5 அங்கே தேவைப்படாது.

எர்லாங்கின் டயலைசர் என்ற சோதனைக் கருவிக்கும் இதே குணம்தான். தவறு என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லும். பழைய கோட் குவியல் மேல் ஓட்டிப் பார்க்க மிக நல்ல கருவி.

க்ளோஜரில் தரவின் வடிவத்தை விவரித்துச் சோதிக்கும் ஸ்பெக் நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபங்ஷனை வாங்கும் ஃபங்ஷனுக்கு ஸ்பெக் எழுதினால் அது உறை போடாது. கொடுத்த ஃபங்ஷனைத் தானே உருவாக்கிய மதிப்புகளோடு பலமுறை கூப்பிட்டுப் பார்க்கும். அந்த ஃபங்ஷன் பேரேட்டில் எழுதுவதாக இருந்தால் பொய்ச் சீட்டுகள் பேரேட்டில் ஏறிவிடும்.

ஹாஸ்கெலில் திசை தலைகீழ். எல்லாமே ஸ்டாடிக், நடுவே ஒரு டைனமிக் பெட்டி. டேட்டா.டைனமிக் மூலம் எதையும் பெட்டிக்குள் வைக்கலாம், எடுக்கும்போது மேபி கிடைக்கும், அதாவது மதிப்பு இருக்கலாம், இல்லாமல் நத்திங் ஆகவும் இருக்கலாம். இன்ட், இன்டிஜர் இரண்டும் முழு எண் டைப்தான், ஆனாலும் இன்ட் என்று வைத்ததை இன்டிஜர் என்று கேட்டால் நத்திங் வரும், சத்தமே இருக்காது. ராக்கெட்டின் 28, 28.0 குழப்பத்துக்கு இது நேர் உறவு. பெரிய கோடை மாற்றி எழுதும் நடுவில் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் டைப் பிழைகளை ஓடும் நேரத்துக்குத் தள்ளிவைக்கும் ஃப்ளாக் ஒன்று ஹாஸ்கெலின் கம்பைலரான ஜிஎச்சியில் உண்டு. மாற்றி முடித்ததும் அதை எடுத்துவிடுங்கள்.

படி 6: மாற்றும் வரிசையும் சோதனையும்

ஒரு நேரத்தில் ஒரு மாட்யூல். கிரயக் கணக்கு, பிறகு சீட்டு, பிறகு பேரேடு. ஒவ்வொன்றுக்குப் பிறகும் பழைய மாதச் சீட்டுகளை முழுதாக ஓட்டி, தொகை ரூபாய்க்கு ரூபாய் பொருந்துகிறதா பாருங்கள். டைப் சேர்ப்பது விடையை மாற்றக் கூடாது. ஒன்று அதே விடை வர வேண்டும், அல்லது பிழை சொல்லி நிற்க வேண்டும். மூன்றாவதாக வேறு ஒரு தொகை வந்தால், டைப் போடும் சாக்கில் கணக்கையும் தொட்டுவிட்டீர்கள், அல்லது மேலே சொன்ன ஈக்யூ மாதிரி ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. சந்தேகம் வந்தால் முதல் வரியை டைப்டு/ராக்கெட்/நோ-செக் என்று மாற்றுங்கள். டைப்புகளை எழுதியபடியே விட்டுவிட்டுச் சோதனையில்லாமல் ஓடும். இரண்டு ஓட்டத்தின் விடையையும் வரிக்கு வரி ஒப்பிட்டால் எந்தச் சீட்டில் பிரிகிறது என்று தெரியும்.

செக்போஸ்டுக்குத் தனியாக ஒரு சோதனைக் கோப்பு வையுங்கள். அதில் குறைந்தது இவை இருக்கட்டும்: வெற்று எழுத்து, இடைவெளி மட்டும், "28", "28.0", "27.5 ", "14,860", "1,00,529", "55/2", கழித்தல் குறி உள்ள எடை, பூஜ்யம், தமிழ் எண்களில் எழுதிய "௨௭", கிலோ என்ற சொல் ஒட்டிய எடை, சிக்கலெண், முடிவிலி, எண்ணல்லாதது, 850 கிலோ மினி ஆட்டோ, மொத்தத்தைவிடக் காலி எடை அதிகமான சீட்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏற்கப்படுகிறதா மறுக்கப்படுகிறதா என்று முன்கூட்டியே எழுதுங்கள். "55/2" ஏற்கப்பட வேண்டுமா என்பதை ஆலையில் பாயிண்ட் பார்ப்பவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அரைப் பாயிண்டை அவர் எப்படி எழுதுகிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.